மான் வேட்டைக்கு எந்தத் தோட்டா? பெட்டியில் உள்ள எண்களை எப்படி வாசிப்பது

2025 ஜனவரியில் அமெரிக்காவின் ஃபெடரல் நிறுவனம் '7 எம்.எம். பேக்கன்ட்ரி' என்ற புதிய ரைஃபிள் தோட்டாவை அறிவித்தது. வழக்கமான பித்தளைக்குப் பதிலாக எஃகுக் கலவைக் கூடு. சதுர அங்குலத்துக்கு 80,000 பவுண்டு வரை அழுத்தம் தாங்கும் வடிவமைப்பு. அதற்கு முன் 2022இல் 7 எம்.எம். பி.ஆர்.சி., 2021இல் 6.8 வெஸ்டர்ன், 2019இல் .350 லெஜெண்ட் என வரிசையாகப் புதிய தோட்டாக்கள் வந்தன. இவற்றுக்குப் பக்கத்திலேயே அதே கடை அலமாரியில் 1895இல் வந்த .30-30 வின்செஸ்டரும் 1906இல் வந்த .30-06 ஸ்பிரிங்ஃபீல்டும் விற்றுக்கொண்டிருக்கின்றன. முதன்முறை வேட்டை உரிமம் எடுத்தவர் இந்த அலமாரிக்கு முன் நின்றால் குழம்பாமல் இருக்க முடியாது.

குழப்பத்துக்குக் காரணம், தேர்வைத் தோட்டாவின் எண்களிலிருந்து தொடங்குவது. மானின் நெஞ்சுக்கூட்டிலிருந்து தொடங்கி, தூரம், குண்டு, தோள், சட்டம் என்று பின்னோக்கி வந்தால் அலமாரியில் பாதி தானாகக் கழிந்துவிடும். இந்தக் கட்டுரை அந்த வழியில் செல்கிறது. அடிப்படை எடுத்துக்காட்டு வட அமெரிக்காவின் வெள்ளைவால் மான்.

இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். இலங்கையிலும் மான்கள் சட்டப் பாதுகாப்பில் உள்ளன. அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே பருவம், எண்ணிக்கை, ஆயுதம் ஆகிய மூன்றையும் மாநில அரசுகள் வரையறுத்து உரிமம் தருகின்றன. 1937ஆம் ஆண்டின் பிட்மன்–ராபர்ட்சன் சட்டத்தின் கீழ் ரைஃபிளுக்கும் தோட்டாவுக்கும் விதிக்கப்படும் 11 சதவீத வரி, மாநிலங்களின் வனவிலங்குப் பணிகளுக்கே திரும்பிச் செல்கிறது.

தோட்டாவின் உறுப்புகள்

பேச்சுவழக்கில் தோட்டாவையும் குண்டையும் ஒன்றாகச் சொல்லிவிடுகிறோம். இந்தக் கட்டுரை முழுக்க அவை இரண்டும் வேறு.

1. கூடு: பித்தளைக் குப்பி. மற்ற மூன்றையும் பிடித்துவைத்திருப்பது. சுடும்போது விரிந்து தோட்டா அறையை அடைத்து, வாயு பின்னால் கசியாமல் காக்கிறது.
2. ப்ரைமர்: கூட்டின் அடியில் உள்ள சிறு கிண்ணம். ஊசி அடித்ததும் பொறி தருவது.
3. மருந்து: எரிந்து வாயுவாகும் வெடிமருந்து. ரைஃபிள் மருந்து வெடிப்பதில்லை, வேகமாக எரிகிறது. எரியும் வேகமும் குழலின் நீளமும் சேர்ந்துதான் குண்டின் வேகத்தை முடிவு செய்கின்றன.
4. குண்டு: குழலை விட்டுப் பறந்து போய் மானைத் தொடும் ஒரே பகுதி.

குண்டின் எடை 'கிரெயின்' அலகில் சொல்லப்படும். 7,000 கிரெயின் ஒரு பவுண்டு. 150 கிரெயின் குண்டு 10 கிராமுக்குச் சற்றுக் குறைவு. குண்டின் விட்டம் அங்குலத்திலோ மில்லிமீட்டரிலோ பெயரில் வரும், ஆனால் பெயரிடலில் ஒரே முறை கிடையாது. .30-06 என்பதில் 06 ஆண்டைக் குறிக்கிறது. .30-30இல் இரண்டாவது 30 அக்கால மருந்தின் கிரெயின் அளவு. .270 வின்செஸ்டரின் குண்டு விட்டம் உண்மையில் 0.277 அங்குலம். ஆகவே பெயரைக் கொண்டு பலத்தை ஊகிக்கக் கூடாது.

பல தோட்டாக்கள் ஒரே தாய்க்குப் பிறந்தவை. 1952இல் வந்த .308 வின்செஸ்டரின் கழுத்தைக் குறுக்கியதில் 1955இல் .243 வின்செஸ்டரும் 1980இல் 7 எம்.எம்.-08 ரெமிங்டனும் பிறந்தன. .30-06இன் வழியில் .270 (1925), .25-06 ரெமிங்டன் (1969) ஆகியவை வந்தன. இந்த உறவு தெரிந்தால் எந்தத் தோட்டா குட்டை போல்ட் (தோட்டாவை அறைக்குள் தள்ளிப் பூட்டும் உறுப்பு) ரைஃபிளில் அடங்கும், எதற்கு நீள போல்ட் வேண்டும் என்பது விளங்கும். .308 குடும்பத்தின் கூடு ஏறத்தாழ 51 மி.மீ.; .30-06இன் கூடு 63 மி.மீ.

மான் எதனால் விழுகிறது

அதிர்ச்சியோ 'அடியின் பலமோ' மானை வீழ்த்துகிறது என்பது பரவலான நம்பிக்கை. பெரும்பாலான நல்ல சூடுகளில் நடப்பது இரத்தப் போக்கு. இரு நுரையீரல்களும் துளைக்கப்பட்டால் மூளைக்குப் போகும் இரத்த அழுத்தம் சில விநாடிகளில் சரிகிறது. அந்தச் சில விநாடிகளுக்குள் மான் 50 முதல் 100 கஜம் வரை ஓடக்கூடும். மிகச் சரியான இடத்தில் பட்ட மானும் ஓடும். அதைப் பார்த்துவிட்டு 'தோட்டா போதவில்லை' என்று அடுத்த ஆண்டு பெரிய ரைஃபிள் வாங்குவது மிகப் பரவலான தவறான முடிவு. நின்ற இடத்திலேயே சரிவது பெரும்பாலும் முதுகுத்தண்டோ மூளையோ தாக்கப்படும்போதுதான். அவை சிறிய, அசையும் இலக்குகள். குறி சற்றுத் தவறினாலும் மான் தாடை உடைந்து பட்டினியில் சாகும். நெஞ்சைக் குறிவைப்பதே முறை.

வெள்ளைவால் மானின் இதயமும் நுரையீரலும் அடங்கிய பகுதி, பக்கவாட்டில் பார்த்தால் ஏறத்தாழ 8 அங்குல வட்டம். நெஞ்சின் குறுக்குத் தடிமன் ஒரு முழத்துக்கும் குறைவு. வடக்கே மினசோட்டாவிலும் கனடாவிலும் ஆண் மான் 100 கிலோவைத் தாண்டலாம். தெற்கே போகப் போக உடல் சிறுக்கும். புளோரிடாவின் கீ மான் ஆண்கள் 35 கிலோவை ஒட்டியே இருக்கும். எதுவானாலும் தோல் தடித்த பெரும் விலங்கு அல்ல. குண்டிடம் கேட்கப்படும் வேலை இவ்வளவுதான்: தோலையும் ஒரு விலா எலும்பையும், தேவைப்பட்டால் தோள் எலும்பையும் கடந்து, உள்ளே விரிந்து, இரு நுரையீரல்களையும் கிழித்து, முடிந்தால் மறுபக்கம் வெளியேற வேண்டும். வெளியேறும் துளை முக்கியம். இரத்தத் தடம் அங்கிருந்துதான் தரையில் விழும். புதரில் ஓடிய மானைக் கண்டுபிடிப்பது அந்தத் தடத்தை நம்பித்தான்.

ஆற்றல் எண் எதைச் சொல்கிறது, எதை மறைக்கிறது

பெட்டியில் அச்சிட்டிருக்கும் 'அடி-பவுண்டு' என்பது குண்டின் இயக்க ஆற்றல். கணக்கு எளிது: குண்டின் எடையை கிரெயினில் எடுத்து, வேகத்தின் இருமடியால் பெருக்கி, 450,240ஆல் வகுக்க வேண்டும். .308இல் 150 கிரெயின் குண்டு விநாடிக்கு 2,820 அடி வேகத்தில் வெளியேறினால் 2,650 அடி-பவுண்டுக்கு அருகில் வரும்.

வேகம் இருமடியாகப் பெருக்கப்படுவதால், இலேசான குண்டை வேகமாகத் தள்ளினால் எண் அழகாக உயரும். ஆனால் அது காகிதத்தில் உயர்வது. மானுக்கு 1,000 அடி-பவுண்டாவது வேண்டும் என்ற பழைய விதி வேட்டைக்காரர்களிடையே உலவுகிறது. .30-30இன் 150 கிரெயின் குண்டு 200 கஜத்தில் அந்தக் கோட்டுக்குக் கீழே போய்விடும். ஆயினும் அதே தோட்டா நூறாண்டுக்கும் மேலாக அந்தத் தூரம் வரை மானை வீழ்த்தி வருகிறது. மறுபக்கம், .223 ரெமிங்டனின் 55 கிரெயின் குண்டு குழல் வாயில் 1,280 அடி-பவுண்டு காட்டும். அந்தக் குண்டு நரி, முயல் போன்றவற்றுக்கான மெல்லிய உறை கொண்டதாக இருந்தால் மானின் தோள் எலும்பில் பட்டு மேலேயே சிதறிவிடும். பெரிய காயம் தெரியும், நுரையீரல் முழுதாக இருக்கும், மான் நாள்கணக்கில் வேதனைப்படும்.

ஆற்றல் எண்ணைப் பயன்படுத்த ஒரு வழி உண்டு: ஒரே வகைக் குண்டுகளை ஒப்பிடவும், சட்டம் கேட்கும் குறைந்தபட்சத்தைச் சரிபார்க்கவும். அதற்கு மேல் அதை நம்ப வேண்டாம்.

குண்டின் கட்டுமானம்: தேர்வின் உண்மையான இடம்

'எந்தக் காலிபர் (குண்டு விட்டம்)?' என்ற விவாதம் நடக்கும் நேரத்தில் பாதியையாவது 'எந்தக் குண்டு?' என்பதற்குக் கொடுக்க வேண்டும். ஒரே .308இல் ஒரு குண்டு மானைச் சுத்தமாக வீழ்த்தும். இன்னொன்று ஊசிபோல் துளைத்துப் போய்விடும்.

வேட்டைக் குண்டு விரிய வேண்டும். மூக்கு காளான்போல் மலர்ந்து, விட்டம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும். இராணுவக் குண்டுக்கு இதற்கு நேர் எதிரான விதி. 1890களில் கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆயுதச்சாலையில் விரியும் குண்டுகள் செய்யப்பட்டன. 1899இல் தி ஹேக் பிரகடனம் போரில் அவற்றைத் தடை செய்தது. இராணுவப் பயிற்சிக்கான முழு உறைக் குண்டுகள் மலிவு, ஆனால் மானில் அவை விரியாமல் ஊடுருவும். பல மாநிலங்கள் அவற்றை மான் வேட்டைக்குத் தடை செய்திருப்பதற்கு இதுவே காரணம். கடையில் 'எஃப்.எம்.ஜே.' (முழு உறை) என்று எழுதியிருந்தால் அது காகித இலக்குக்கு மட்டும்.

வேட்டைக்கான நான்கு வகைகள்:

1. உறையும் கருவும் கொண்ட சாதாரண மென்மூக்குக் குண்டு. தாமிர உறை, காரீயக் கரு, மூக்கில் காரீயம் வெளியே தெரியும். ரெமிங்டனின் கோர்-லாக்ட் 1939 முதல் இவ்வகையில் புகழ்பெற்றது. மலிவு, நன்றாக விரியும். மிதமான வேகத்தில் மானுக்கு இதைவிட வேறு தேவையில்லை. குறை: விநாடிக்கு 3,000 அடிக்கு மேலான வேகத்தில் அருகில் உள்ள எலும்பில் பட்டால் உறையும் கருவும் பிரிந்து சிதறும்.
2. தடுப்புச்சுவர்க் குண்டு. 1948இல் விற்பனைக்கு வந்த நாஸ்லர் பார்ட்டிஷன் இதன் முன்னோடி. நடுவில் தாமிரத் தடுப்பு. முன்பாதி விரிந்து சிதறினாலும் பின்பாதி முழுதாக ஊடுருவும்.
3. கரு ஒட்டிய குண்டு. காரீயக் கருவை உறையோடு ஒட்டியிருப்பார்கள். எலும்பில் பட்டாலும் எடையின் பெரும்பகுதி தங்கும்.
4. முழுத் தாமிரக் குண்டு. காரீயமே இல்லை. பார்ன்ஸ் நிறுவனத்தின் எக்ஸ் குண்டு 1989இல் இதைப் பரவலாக்கியது. இதழ் இதழாக விரியும், எடை கிட்டத்தட்ட அப்படியே இருக்கும், மிக ஆழமாகப் போகும்.

ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு வேக எல்லை உண்டு. பெரும்பாலான வேட்டைக் குண்டுகள் நம்பகமாக விரிய, மானைத் தொடும்போது விநாடிக்கு 1,800 அடியாவது வேண்டும். தாமிரம் கடினமானது என்பதால் அதற்கு 2,000 அடி என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு. .30-30க்கான குண்டுகள் விதிவிலக்கு. குறைந்த வேகத்துக்கென்றே மென்மையாகச் செய்யப்படுபவை. நிறுவனத்தின் அட்டவணையில் தூரம் தூரமாக வேகம் போட்டிருப்பார்கள். அதில் 1,800 எங்கே வருகிறது என்று பாருங்கள். அந்தத் தூரமே அந்தக் குண்டின் எல்லை.

எடையைப் பற்றி ஒரு குறிப்பு. எடை ஒன்றானாலும் விட்டம் குறுகினால் குண்டு நீளும், ஆழமாகப் போகும். 6.5 கிரீட்மோரின் 143 கிரெயின் குண்டு, .308இன் 150 கிரெயின் குண்டைவிட இலேசு. ஆனால் குறுக்குப்பரப்புக்கு எடை என்ற விகிதத்தில் முன்னது 0.293, பின்னது 0.226. சிறிய காலிபர் என்று அதை ஒதுக்குபவர்கள் இந்த எண்ணைக் கவனிப்பதில்லை.

தூரமும் காற்றும்

அமெரிக்காவின் கிழக்குக் காடுகளில் மான் பெரும்பாலும் 100 கஜத்துக்குள்தான் கண்ணில் படும். வயல் ஓரத்தில் 200. மேற்கின் திறந்த வெளிகளில் 300, சில சமயம் அதற்கு மேல். உங்கள் நிலம் எதுவோ அதற்கே வாங்குங்கள்.

குழல் வாயில் வேகம் (விநாடிக்கு அடி), 300 கஜத்தில் மீதமிருக்கும் வேகம், அங்கே உள்ள ஆற்றல் ஆகியவற்றை வரிசையாகப் பார்க்கலாம். எல்லாம் 24 அங்குலச் சோதனைக் குழலில் கிடைக்கும் தோராயமான அளவுகள்.

1. .243 வின்செஸ்டர், 100 கிரெயின்: 2,960, 2,215, 1,090 அடி-பவுண்டு.
2. 6.5 கிரீட்மோர், 143 கிரெயின்: 2,700; 2,180; 1,515.
3. .270 வின்செஸ்டர், 130 கிரெயின்: 3,060, 2,260, 1,470.
4. .308 வின்செஸ்டர், 150 கிரெயின்: 2,820, 2,010, 1,345.
5. .30-30 வின்செஸ்டர், 150 கிரெயின்: 2,390, 1,400, 650.

இந்த வரிசையில் கவனிக்க வேண்டியது 6.5 கிரீட்மோர். தொடக்கத்தில் .308ஐவிட மெதுவானது, 300 கஜத்தில் வேகமானது. நீண்ட ஒடுங்கிய குண்டு காற்றைக் கிழித்துச் செல்வதால் வேகத்தைக் குறைவாகவே இழக்கிறது. மணிக்கு 10 மைல் குறுக்குக் காற்றில் 300 கஜத்தில் .308இன் குண்டு 8, 9 அங்குலம் ஒதுங்கும். 6.5 கிரீட்மோரின் குண்டு 6 அங்குலத்துக்குள் நிற்கும். 2007இல் ஹார்னடி கொண்டுவந்த இந்தத் தோட்டாவின் புகழுக்கு உண்மையான அடிப்படை இதுதான். 100 கஜத்தில் சுடுபவருக்கு அந்த அனுகூலம் எதுவும் கிடைக்காது என்பதும் உண்மை.

.308, .270, 6.5 கிரீட்மோர் மூன்றையும் 200 கஜத்தில் ஜீரோ செய்தால் (அந்தத் தூரத்தில் குறிவைத்த இடத்திலேயே குண்டு படும்படி ஸ்கோப்பைத் திருத்தினால்) 100 கஜத்தில் குண்டு ஏறத்தாழ ஒன்றரை முதல் 2 அங்குலம் மேலே படும், 250 கஜத்தில் சுமார் 3, 4 அங்குலம் கீழே. 8 அங்குல வட்டத்தின் நடுவைக் குறிவைத்தால் 250 கஜம் வரை எந்தத் திருத்தமும் இல்லாமல் உள்ளே விழும். .30-30ஐ 100 கஜத்தில் 2 அங்குலம் மேலே வைத்தால் 150 கஜத்தில் ஜீரோ கிடைக்கும்.

குழல் குறுகினால் ஒவ்வோர் அங்குலத்துக்கும் விநாடிக்கு 20 முதல் 30 அடி வேகம் போகும். 18 அங்குலக் குழல் ரைஃபிளை வாங்கிவிட்டுப் பெட்டியில் உள்ள எண்ணை நம்பினால் கணக்கு 180 அடி வரை தவறும். புதிய 7 எம்.எம். பேக்கன்ட்ரி தீர்க்க முயல்வது இந்தச் சிக்கலையே: அதிக அழுத்தத்தால், சத்தக் குறைப்பான் பொருத்திய குட்டைக் குழலிலும் மேக்னம் (அதிக மருந்து கொண்ட பெரிய தோட்டா) வேகம். மேற்கு மலைகளில் எல்க் என்ற பெரிய மானைத் தேடுபவருக்கு அதில் பொருள் இருக்கிறது. ஒஹையோ வயல் ஓரத்தில் 120 கஜத்தில் நிற்கும் மானுக்கு அது தேவையில்லை.

பின்னுதை: தோள் சொல்வதைக் கேளுங்கள்

8 பவுண்டு ரைஃபிளில் .243இன் பின்னுதை சுமார் 9 அடி-பவுண்டு, 6.5 கிரீட்மோர் 12, .308 சுமார் 16, .30-06 சுமார் 20. .300 வின்செஸ்டர் மேக்னம் 25ஐத் தாண்டும். ரைஃபிள் இலேசானால் இவை எல்லாமே உயரும்.

15ஐத் தாண்டியதும் புதியவர்களில் பலர் உதைக்கு முன்பே உடலை இறுக்கத் தொடங்குகிறார்கள். கண் சிமிட்டும், விரல் விசையை மெதுவாக அழுத்தாமல் இழுத்துவிடும், குழல் தாழும். நுரையீரலுக்கு வைத்த குறி வயிற்றில் படும். வயிற்றில் பட்ட மான் பல மணி நேரம் உயிரோடு கிடக்கும், பெரும்பாலும் கிடைக்காமலே போகும். நெஞ்சில் பட்ட .243, வயிற்றில் பட்ட .300 மேக்னத்தைவிட எந்நாளும் மேல். இளைஞர்களுக்கும் சிறு உடல்வாகு கொண்டவர்களுக்கும் 'பெரியதாக வாங்கிப் பழகிக்கொள்' என்று அறிவுரை சொல்பவர்கள் மானுக்கும் சுடுபவருக்கும் தீங்கு செய்கிறார்கள்.

உடலை இறுக்கும் பழக்கம் இருக்கிறதா என்று கண்டறிய ஒரு சோதனை உண்டு. சுடுதளத்தில் நண்பர் உங்களுக்குத் தெரியாமல் சில தடவை போலித் தோட்டாவையும் சில தடவை உண்மைத் தோட்டாவையும் ஏற்றித் தரட்டும். போலியில் விசையை அழுத்தும்போது குழல் முனை குலுங்கினால், பழக்கம் வந்துவிட்டது. சிறிய தோட்டாவுக்கு இறங்குங்கள்.

சட்டம் தேர்வைக் குறுக்கும் இடங்கள்

1. குறைந்தபட்ச அளவு. கொலராடோவில் மானுக்கு 0.24 அங்குலத்துக்குக் குறையாத விட்டம், 70 கிரெயினுக்குக் குறையாத விரியும் குண்டு, 100 கஜத்தில் 1,000 அடி-பவுண்டு ஆற்றல் வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1991ஆம் ஆண்டின் மான் சட்டம் 0.240 அங்குலமும் குழல் வாயில் 1,700 அடி-பவுண்டும் கேட்கிறது. மன்ட்ஜாக் போன்ற சிறிய மான்களுக்குத் தளர்வு உண்டு.
2. நேர்ச்சுவர்க் கூடு. சமதளமும் மக்கள் நெருக்கமும் கொண்ட மத்திய மேற்கு மாநிலங்கள் சில, கழுத்துக் குறுகிய கூடுகளை மான் வேட்டைக்கு அனுமதிக்காமல் வைத்திருந்தன. .30-06இன் குண்டு தவறினால் சில கிலோமீட்டர் தாண்டிப் போகும் என்பதே காரணம். ஒஹையோ, 0.357 முதல் 0.50 அங்குலம் வரை விட்டமுள்ள நேர்ச்சுவர்த் தோட்டாக்களை அனுமதிக்கிறது. .350 லெஜெண்டும், 2023இல் வந்த .400 லெஜெண்டும் .360 பக்ஹேமரும் இந்தச் சந்தைக்கென்றே பிறந்தவை. .350 லெஜெண்ட் உதை குறைவு, 150 முதல் 200 கஜம் வரை மானுக்குப் போதும். .450 புஷ்மாஸ்டர் பலமானது, உதையும் அப்படியே.
3. காரீயத் தடை. கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் வேட்டைக்குக் காரீயக் குண்டு கூடாது. காரீயத் துண்டுகள் கிடக்கும் குடல்களைத் தின்று காண்டார் கழுகுகள் செத்ததே அந்தச் சட்டத்தின் பின்னணி.

விதிகள் ஆண்டுதோறும் மாறுகின்றன. ரைஃபிள் வாங்குவதற்கு முன்பே, அந்த ஆண்டுக்கான மாநில வேட்டை விதிப் புத்தகத்தைப் படித்துவிடுங்கள்.

இங்கே நம்மூருக்கு ஓர் உண்மையான தொடர்பு உண்டு. டெக்சஸில் 'ஆக்சிஸ்' என்ற பெயரில் வேட்டையாடப்படும் மான் நம் புள்ளிமானேதான். 1932இல் அங்கே கொண்டுபோய் விடப்பட்டது, பெருகிவிட்டது. அயல் இனம் என்பதால் தனியார் நிலத்தில் பருவக் கட்டுப்பாடு இல்லை. உடல் அளவு வெள்ளைவாலை ஒத்ததால் தோட்டாத் தேர்விலும் வேறுபாடு இல்லை.

காரீயமா, தாமிரமா

சட்டம் கேட்காவிட்டாலும் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும், ஏனென்றால் இறைச்சி வீட்டுக்கு வருகிறது. காரீயக் குண்டு விரியும்போது கண்ணுக்குத் தெரியாத துகள்கள் காயத்திலிருந்து பல அங்குலம் தள்ளியும் பரவும். 2008இல் வடக்கு டகோட்டாவில், தானமாக வந்த அரைத்த மான் இறைச்சியில் காரீயத் துகள்கள் கண்டறியப்பட்டதும், உணவு வங்கிகள் அதை அப்புறப்படுத்தும்படி அரசு சொன்னது. சிறு குழந்தைகளும் கர்ப்பிணிகளும் சாப்பிடும் வீட்டில் தாமிரத்துக்கு மாறுவதே சரி. காரீயம்தான் என்றால், காயத்தைச் சுற்றித் தாராளமாக வெட்டி எறியுங்கள். அந்தப் பகுதியை அரைக்கக் கொடுக்காதீர்கள்.

மாறும்போது மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். தாமிரத்தின் அடர்த்தி காரீயத்தைவிடக் குறைவு என்பதால் அதே எடைக்குக் குண்டு நீளும். குண்டைச் சுழற்றிவிடும் குழலின் உள் சுருள்வரி மெதுவாகச் சுழல்வதாக இருந்தால் நீளக் குண்டு நிலைப்படாமல் தள்ளாடும். ஆகவே எடையில் ஒரு படி இறங்குங்கள்: .308இல் 165க்குப் பதிலாக 150 அல்லது 130. இறங்கியதால் வேகம் கூடும், அந்த வேகம் விரிவதற்கு உதவும். விலை கூடுதல். ஸ்காட்லாந்து 2023இல் குறைந்தபட்சக் குண்டு எடையை 100 கிரெயினிலிருந்து 80க்கு இறக்கியது, தாமிரக் குண்டுகளுக்கு வழிவிடத்தான்.

எனவே எதை வாங்குவது

ஒரே ரைஃபிள் என்றால், 200 கஜத்துக்குள் வேட்டையாடும் புதியவருக்கு 7 எம்.எம்.-08 அல்லது 6.5 கிரீட்மோர். உதை மிதம், குண்டுத் தேர்வு நிறைய. சிற்றூர்க் கடையிலும் தோட்டா கிடைக்க வேண்டும் என்றால் .308, இவற்றில் அதிகம் கிடைப்பது அதுவே. உதையைக் கண்டு தயங்குபவருக்கு .243, ஆனால் 90 கிரெயினுக்குக் குறையாத, மானுக்கென்று செய்த குண்டோடு. அதே .243 பெட்டிகளில் 55, 58 கிரெயின் நரிக் குண்டுகளும் விற்கும். அவை மானுக்கு ஆகாது. அடர்ந்த காட்டில் 125 கஜத்துக்குள் மட்டும் என்றால் .30-30 நெம்புகோல் ரைஃபிள் இன்றும் சிறந்தது. தாத்தாவின் .30-06 அல்லது .270 வீட்டில் இருந்தால் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம், நல்ல குண்டு மட்டும் வாங்குங்கள்.

வாங்கிய பிறகு

1. இரண்டு மூன்று நிறுவனங்களின் தோட்டாவில் ஆளுக்கு ஒரு பெட்டி வாங்குங்கள். பெட்டியில் 20 இருக்கும். 100 கஜத்தில் மேசையில் தாங்கி, ஐந்தைந்தாகச் சுடுங்கள். குழல் சூடேறினால் ஆறவிடுங்கள். மெல்லிய வேட்டைக் குழல் சூட்டில் குறி நகரும்.
2. ஐந்தும் 2 அங்குலத்துக்குள் விழுந்தால் மானுக்குத் தாராளம். எது நெருக்கமாக விழுகிறதோ அதிலேயே நான்கைந்து பெட்டி, ஒரே லாட் (தயாரிப்புத் தொகுதி) எண்ணில் வாங்குங்கள்.
3. அந்தத் தோட்டாவிலேயே ஸ்கோப்பை ஜீரோ செய்யுங்கள். வேறு எடைக்கோ வேறு நிறுவனத்துக்கோ மாறினால் மறுபடி ஜீரோ செய்யாமல் காட்டுக்குப் போகக் கூடாது. 100 கஜத்தில் 2, 3 அங்குலம் இடம் மாறுவது சாதாரணம்.
4. மேசையை விட்டு எழுந்து, உட்கார்ந்தும் மண்டியிட்டும் 8 அங்குலக் காகிதத் தட்டைச் சுடுங்கள். ஐந்தும் தட்டில் விழும் மிகத் தொலைவான தூரம் எதுவோ, அதுவே உங்கள் வேட்டைத் தூரம். தோட்டாவின் எல்லை 350 கஜமாக இருந்தாலும் உங்கள் எல்லை 140 என்றால் 140தான்.
5. ஒரு நேரத்தில் மேசையில் ஒரே வகைத் தோட்டா மட்டும் இருக்கட்டும். கூட்டின் அடியில் பொறித்த பெயரும் குழலில் பொறித்த பெயரும் ஒன்றா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். .300 பிளாக்அவுட் தோட்டா .223 ரைஃபிளில் உள்ளே நுழைந்துவிடக்கூடும், சுட்டால் 0.308 அங்குலக் குண்டு 0.224 அங்குலக் குழலில் சிக்கி ரைஃபிள் வெடிக்கும்.
6. பருவம் தொடங்கும் வாரத்தில், ஆறிய குழலிலிருந்து ஒரே ஒரு தோட்டாவைச் சுட்டுப் பாருங்கள். மானைச் சுடப்போவதும் அந்த ஆறிய குழலின் முதல் குண்டுதான். அது வழக்கமான இடத்திலிருந்து 2 அங்குலத்துக்கு மேல் விலகினால் ஸ்கோப் தாங்கியின் திருகுகளைச் சரிபார்த்து, மீண்டும் ஜீரோ செய்யுங்கள்.